தொட்டில் சேலை கட்டிய மரம்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ராஜபாளையத்தில் எந்த வீட்டுக் கொல்லைச் சுவரையும் தொட முடியாது, கை பொரிந்துவிடும். துணி காயப்போட வந்த நாச்சியார் வாளியில் கால் இடறிச் சுவரில் உள்ளங்கையை ஊன்றினாள். சுட்டுவிடும் என்ற பயத்தில் சட்டென்று எடுத்தும்விட்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சுவர் சில்லென்று இருந்தது.

மரம் படிந்திருந்த இடம் மட்டும்தான் அப்படி. இரண்டு முழம் தள்ளித் தொட்டுப் பார்த்தாள். அங்கே செங்கல் கொதித்துக்கொண்டிருந்தது.

அது ஆப்ரிகாட் மரம், எலுமிச்சை அளவுக்குப் பழம் காய்க்கிற குளிர்தேசத்து மரம். அவள் புருஷன் உக்கிரபாண்டி பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வரும்போது, லடாக்கிலிருந்து சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்த கொட்டையில் முளைத்தது. கொல்லையோ நாலு பாய் விரித்தால் நிறைந்துபோகும். அதனால் ஸ்ரீநகரில் ஒரு கர்னல் வீட்டில் பார்த்த மாதிரி சுவரில் ஆணி அடித்துக் கம்பி இழுத்து, இளங்கிளைகளை விசிறியாக விரித்துக் கட்டி வளர்த்தான். சுவரோடு படிகிற கிளையை வைத்துக்கொள்வான், முன்னால் நீட்டுகிறதை வெட்டிவிடுவான். வீட்டில் சோறு ஆற ஐந்து நிமிஷம் பொறுக்காத மனுஷன், மரத்தின் முன்னால் மணிக்கணக்கில் குத்தவைத்துக் கிடப்பான். குளிர் பட்டால்தான் அது பூக்கும் என்று மார்கழியில் ஐஸ் கம்பெனிக்குப் போய், மரத்தூளில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து வேரடியில் வைப்பான். தெருவே சிரித்தது, மிலிட்டரி மரம் என்று பேரும் வைத்தது. நாலு வருஷம் ஒரு பூ கிடையாது.

இந்த வருஷம் பூத்துவிட்டது என்று அவன் கடுதாசி போட்டிருந்தான். அப்போது நாச்சியார் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், அம்மா வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாள். இரண்டு பிள்ளைகளை மூன்றாம் மாதத்தில் வயிற்றிலேயே பறிகொடுத்தவளை, இந்தத் தடவை அசையக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இது ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்பதால் நேற்றுத்தான் புருஷன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அங்கே ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை, நேற்று இந்த வாசற்படி ஏறியதிலிருந்து அடங்கிக் கிடந்தது. பஸ்ஸில் வந்த அலுப்பு என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஐஸ் வைத்து நாலு மாதம் ஆகிறதே, இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? அவள் மரத்தை நெருங்கிப் பார்த்தாள். வழக்கமாகக் கிளைகளைக் கட்டியிருப்பது வெள்ளைப் பேண்டேஜ் துணி. அடுத்த வீட்டுக் கருத்தம்மாள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் கம்பெனி வேலைக்குப் போகிறவள், கழிவுத்துணியை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பாள். இப்போது கட்டியிருந்த துணி மஞ்சள் நிறம். அதில் வெள்ளைப் புள்ளிகள். சுங்குடிச் சேலை.

மதியச் சாப்பாட்டுக்கு உக்கிரபாண்டி மில்லிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, டிரங்குப் பெட்டியில இருந்த மஞ்சச் சேலைய எடுத்தியளா?"

"பேண்டேஜ் துணி மழையில இத்துப்போச்சு. பழைய சேலைன்னா மெத்துன்னு இருக்கும், பட்டையை அறுக்காது. கிழிசல்தான அது?"

"தொட்டில் கட்ட வச்சிருந்தேன். எங்கம்மா எங்க நாலு பேரையும் அதுலதான் போட்டு ஆட்டுனா."

அவன் சோற்றில் ரசத்தை ஊற்றினான். பிறகு பிசைய ஆரம்பித்தான்.

"வேற சேலை பாத்துக்கிருவோம். கட்டுன எட்டாம் நாளே பூத்துச்சு, தெரியுமா? ஒரு காயும் நிக்கி. பிள்ளையப் பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டு வாரேன். நீ போய் கைய வச்சு எதையும் இழுத்துப் போட்றாத."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவள் அம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிலுக்கென்று எடுத்துவைத்த சேலையில் பிள்ளை படுக்கும்வரை கத்தரி படக்கூடாது. வெறும் தொட்டிலை ஆட்டவும் கூடாது, ஆட்டினால் பிள்ளை தங்காது என்பார்கள். அவன் சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகு சுவருக்கு மேலாகக் கருத்தம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நான்தான் மூட்டை மூட்டையாக் குடுக்கேனே, அது பத்தலையாமா மிலிட்டரிக்கு?" என்ற கருத்தம்மாள், மரத்தை எட்டிப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "அவுத்திரு ஏட்டி. துண்டு துண்டாக் கெடந்தாலும் தச்சுத் தொட்டில்ல ஒரு ஓரமா வச்சிக்கிடலாம். பிள்ளைக்கு உள்ளத மரத்துக்குக் குடுக்கலாமா? எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு, இல்லன்னா நானே வந்து அவுப்பேன்."

அவளும் போய்விட்டாள். வெயிலுக்குப் பயந்து தெரு கதவடைத்துக் கிடந்தது. எங்கோ ஒரு தறி ஓடுகிற சத்தம் வந்தது, அதுவும் நின்றது. நாச்சியார் முக்காலியை இழுத்துப் போட்டு மரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். காற்று துளிகூட இல்லை, துளசிச் செடியில் ஒரு இலை அசையவில்லை, கொடியில் போட்ட வேட்டி விறைத்துத் தொங்கியது. மரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணிகளின் தொங்கல் நுனிகள் மட்டும் முன்னும் பின்னும், முன்னும் பின்னும், யாரோ ஒரே சீராக ஆட்டிவிடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

அவள் முகத்தில் குளிர் படிந்தது. கூடவே ஒரு வாசம். பூ வாசம் என்று முதலில் நினைத்தாள். இல்லை, வசம்பு. வசம்பும், தேங்காயெண்ணெயும், கக்கிய பாலின் புளிப்பும். அந்த வீட்டில் அந்த வாசம் வந்ததே கிடையாது. வரவேண்டும் என்று அவள் ஏங்கிய வாசம் அது, இப்போது மரத்திலிருந்து வந்தது.

கீழ்க் கிளையின் முதல் முடிச்சை அவிழ்த்தாள். வயிற்றில் லேசாக ஓர் அசைவு.

அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இருக்கியாய்யா?" என்று வயிற்றைத் தடவினாள். அடுத்த முடிச்சுக்கு ஒரு புரளல். அதற்கடுத்ததற்கு ஓர் உதை. பயமெல்லாம் போய், கை வேகம் எடுத்தது. அவிழ்த்த துணிகளை மடியில் சேர்த்தாள். கிளைகள் கட்டு இல்லாமலே சுவரோடு கிடந்தன. நாலு வருஷம் பழகிய கிளை இனி அசையாது என்று அவன் அடிக்கடி பெருமையடிப்பது சரிதான்.

உச்சியில் இரண்டு முடிச்சுகள் பாக்கி. எழுந்து நின்றாள். அங்கே, இரண்டு மேல்கிளைகளுக்கும் நடுவில், அந்தக் காய் இருந்தது. காய் இல்லை, பழுத்திருந்தது. சின்னத் தேங்காய் அளவு. தோல் முழுக்க மெல்லிய பூனைமுடி. அவள் விரல் தெரியாமல் அதில் பட்டது.

சூடாக இருந்தது.

உச்சியில் ஒரு பள்ளம். விரல் நுனி அளவுக்கு, மெத்தென்று. பச்சைப்பிள்ளை தலையில் இருக்குமே, உச்சிக்குழி. அதே மாதிரி. அது ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

ஓடிவிட நினைத்தாள். துணி அவள் பிள்ளையுடையது. இரண்டே முடிச்சு. விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. ஒன்றை இழுத்தாள். வயிற்றில் பெரிதாக ஒரு புரளல், எதையோ இறுக்கிப் பிடிப்பது போல.

கடைசி முடிச்சு. இழுத்தாள். வந்துவிட்டது.

வயிற்றில் ஒன்றும் இல்லை.

காத்திருந்தாள். இடது பக்கம் கை வைத்தாள். வலது பக்கம் வைத்தாள். அழுத்தினாள். "அய்யா," என்றாள். ஒன்றும் இல்லை. வயிறு மட்டும் கனத்தது.

தலைக்கு மேலே பட்டை முறுகும் சத்தம்.

நிமிர்ந்தாள். மேல்கிளைகள் இரண்டும் சுவரில் இல்லை. முன்னால் வந்திருந்தன. ஒடியவில்லை. வளைந்து, அவள் தோளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தூக்கச் சொல்லிக் கை நீட்டுகிற பிள்ளை மாதிரி. நடுவில் அந்தப் பழம் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வயிற்றில் நின்ற துடிப்பு அங்கே போய்விட்ட மாதிரி உச்சிக்குழி வேகமாகத் துடித்தது.

மார்பில் வலி சுருக்கென்று கிளம்பியது. ரவிக்கையின் முன்பக்கம் வெதுவெதுப்பாக நனைந்து, நனைந்தது பரவியது. குனிந்து பார்த்தாள்.

அவளுக்குப் பால் சுரந்திருந்தது.