சத்தம் அடைத்த வண்டி

வண்டியில் எழும் சத்தம் எதுவானாலும் வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைய வேண்டும். பதினொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்த சாமிக்கண்ணுவுக்கு இது தெரியாதா? டயர் முனகினால் மெதுவாகப் போகும்போது மெதுவாக முனகும். கியர் பாக்ஸ் ஊளையிட்டால் காலை எடுத்ததும் இறங்கும். கதவு தடதடத்தால் நல்ல ரோட்டில் ஓயும். ஆனால் அன்று நல்லூர் தாண்டியதும் சீட்டுக்குப் பின்னால், அவன் முதுகுக்கு நேராக, டொக் டொக் டொக் என்று கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூன்று. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தான். வண்டி மெதுவானது, தட்டு மெதுவாகவில்லை.

"அடச் சீ, இது என்ன புதுசா?" என்று ஓரங்கட்டி இறங்கினான். பின்னால் வைக்கோல் பொதிந்த கூடைகளில் பீங்கான் ப்யூஸ் கட்டைகள் அசையாமல் இருந்தன. சீட்டின் முதுகுத் தகரத்தைத் தடவினான், குனிந்து அடியில் பார்த்தான், ஒரு நட்டுகூடக் கழன்றிருக்கவில்லை. நேற்றுவரை வண்டி போட்ட இரைச்சலில் இந்தச் சின்னத் தட்டு யார் காதில் விழுந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஏறினான்.

அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் ஒரு மாசமாக அவன் பாடுபட்டான். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றின் பழைய ஜீப் பிக்கப் அது. உள்ளே உட்கார்ந்தால் மாவு மெஷினுக்குள் தலையை விட்டது போலத்தான். அவன் ஒருத்தன் என்றால் பொறுத்துக்கொள்வான். நாலு வயசு மகள் ஆண்டாளுக்கு வலிப்பு. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் கண் செருகி, கை கால் இழுத்துவிடும். மாசம் ஒருமுறை திருச்சி டாக்டரிடம் காட்ட வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, லோடோடு இந்த வண்டியில்தான். பங்குனியில் அப்படிப் போனபோது, ரோட்டு இரைச்சலிலேயே பிள்ளைக்கு இழுப்பு வந்து கால் மணி நேரம் நிற்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று டாக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

ஜங்ஷன் ரோட்டில் சீட் தைக்கும் அமீனுதீன் பாயிடம் போய் நின்றான். பாய் வேலையில் கெட்டி. பழைய சைக்கிள் ட்யூபை அறுத்துக் கதவு விளிம்பெல்லாம் ஒட்டினார், தகரத் தடதடப்பு போயிற்று. தரையில் தார் பூசிக் கோணி பரப்பி, பெடல் நுழையும் ஓட்டைகளை லாரி ட்யூபால் மூடினார், டயர் முனகல் போயிற்று. சீட்டுக்குப் பின்னாலும் கூரையிலும் தேங்காய் நார் திணித்துத் தைத்தார். அதற்கு மறுநாள்தான் நல்லூர் ரோட்டில் அந்தத் தட்டு.

"இஞ்சின் சத்தம் முன்பக்கத் தகரம் வழியாத்தான் வருது சாமிக்கண்ணு. அதுக்குக் கோணி பத்தாது, கல்நாரு வேணும்" என்றார் பாய். "ஒங்க சூளை வாசல்ல சூடு வெளிய போவாம தொங்க விடுவாங்களே, அது. ஒண்ணு கெடச்சா மேல கீழ எல்லாத்தையும் மூடிப்புடலாம்."

"பாக்கறேன் பாய்."

கம்பெனியில் சூளை மேஸ்திரி கோதண்டபாணியைக் கேட்டான். மேஸ்திரி அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "மூணாஞ் சூளையிலதான் ஒண்ணு சும்மா கெடக்குது. வேணும்னா எடுத்துக்க" என்றார். சாமிக்கண்ணு போய் எடுத்துக்கொண்டான்.

மூணாஞ் சூளையின் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சாமிக்கண்ணு அதைத் தன் மனசுக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை என்றாலும். சூளைக்குள் சரக்கை அடுக்கி முடித்ததும் வாசலைச் செங்கல் வைத்து அடைப்பார்கள். கடைசிக் கல்லுக்கு முன்னால், நல்ல தொண்டை உள்ள ஒருத்தன் அந்தத் துவாரத்தில் வாயை வைத்து, "உள்ள யாரு? அடைக்கப் போறோம்!" என்று மூன்று தடவை கத்துவான். பிறகு காதை வைத்துக் கேட்பான். யாரும் இல்லை என்று அவன் சொன்ன பிறகுதான் கல்லை வைத்து, களிமண் மெழுகி, கல்நார்ப் பாயைத் தொங்கவிட்டு நெருப்பு மூட்டுவார்கள். போன ஐப்பசியில் ஒருநாள் மேஸ்திரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. சேலம் போய்விட்டு அப்போதுதான் பிக்கப்பை விட்டு இறங்கிய சாமிக்கண்ணுவை, "நீ ஒரு கொரலு குடுப்பா" என்றார்கள். அவனும் கத்தினான். காதை வைத்தான். அவன் காதில் நூறு மைல் ரோட்டின் இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. "யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலத்திலிருந்து சரக்கு அடுக்கும் பக்கிரியைக் காணவில்லை. நெய்வேலிக்கு வேலைக்கு ஓடிவிட்டான் என்றார்கள். வாசலை உடைத்தபோது, சூளையின் பின்மூலையில், சரக்கே வைக்காத இடத்தில், தரைக் கல் பச்சை நிறமாகக் கண்ணாடி பூத்து வழவழப்பாக இருந்தது. உப்பும் சாம்பலும் அங்கே வெந்து உருகினால்தான் கல் அப்படிப் பூக்கும். மேஸ்திரி உளி வைத்துச் செதுக்கி அதைக் கழிவு மேட்டில் கொட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை. சாமிக்கண்ணு திறந்திருந்தால் வேலை போகும், வண்டி போகும், பிள்ளைக்குத் திருச்சியும் போகும். பக்கிரியின் பெண்டாட்டி பூவாயி இப்போதும் கம்பெனி கேட்டில் நின்று, "அண்ணே, நெய்வேலிப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்கிறாள். அவனும் சரி சரி என்று தலையாட்டுகிறான்.

கல்நார்ப் பாயை வெட்டி வண்டிக்குள் அடித்த அன்று உள்ளே வெந்த மண்ணின் வாசனை அடித்தது. அதற்கும் அடியில் மயிர் பொசுங்கிய வாசனை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, திட்டக்குடிக்கு லோடு ஏற்றிப் போகையில் இஞ்சின் எங்கோ அடுத்த தெருவில் ஓடுகிற மாதிரி இருந்தது. ரோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. தன் மூச்சு, தன் சட்டை உரசல், கைக்கடிகாரத்தின் துடிப்புகூட அவனுக்குக் கேட்டது. தட்டும் கேட்டது. இப்போது அது தட்டு மட்டும் இல்லை. மூன்று தட்டுக்குப் பிறகு ஒரு குரல், வாயில் தூசி நிறைந்த ஆள் பேசுவது போல, மிக அருகில்.

"அண்ணே."

ஹார்னை அழுத்தினான், விடாமல் அழுத்தினான். ஹார்ன் தூரத்தில் எங்கோ முனகியது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே... இருக்கேன்."

கம்பெனிக்குத் திரும்பும்வரை அவன் பின்னால் திரும்பவில்லை. வந்ததும் முதல் வேலையாகக் கல்நார்ப் பாயைக் கிழித்து எறிந்துவிடுவது என்று உளியோடு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். மனைவி பாஞ்சாலை, பிறந்து பதினாறு நாளான கைக்குழந்தையை உள்ளே கிடத்திவிட்டு ஆண்டாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்குத் திருச்சிக்கு நான் கூட வர முடியாது, பச்ச ஒடம்பு. புள்ளய ஒக்கார வச்சுப் பாருங்க, ஒத்துக்குதான்னு."

இஞ்சினை ஓடவிட்டு ஆண்டாளை உட்காரவைத்தான். அரிசி மில் சங்குக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை, அந்தச் சீட்டில் சுருண்டு, இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனாள். பாஞ்சாலைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தூளியில கெடக்குற மாதிரி கெடக்குதுங்க. சாமி புண்ணியம்."

உளியைச் சீட்டுக்கு அடியில் போட்டான். அவளிடம் என்னவென்று சொல்வான்?

மறுநாள் கத்திரி வெயில். நல்லூர் தாண்டி வேப்பூர் ரோட்டில், பகல் பன்னிரண்டு மணிக்கு, இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆண்டாள் ஜன்னலில் நெற்றியை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த லாரிகள் வாயை மூடிக்கொண்டு கடந்தன. தட்டு இல்லை, குரலும் இல்லை. சாமிக்கண்ணு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட ஆரம்பித்தான்.

"அப்பா, பின்னால மாமா தண்ணி கேக்குறாரு."

அவன் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. "யாரும்மா?"

"பின்னால இருக்குற மாமா. ரொம்ப சுடுதாம்."

மீட்டர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட் இடுக்கில் ஆவி. இஞ்சின் கொதித்திருந்தது, அவனுக்குக் கேட்கவே இல்லை. ஒரு வேல மரத்து நிழலில் நிறுத்தினான். சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பம்ப் செட் கொட்டகை தெரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று நினைத்தான். பம்ப் செட் இஞ்சின் தடதடக்கும், அவளுக்கு ஆகாது. இந்த வண்டிக்குள்தான் அவளுக்குச் சத்தம் இல்லை.

"கண்ணு, அப்பா தண்ணி எடுத்தாரேன். எறங்காத."

கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினான். வாளியோடு ஓடினான். நிரப்பினான். திரும்பி ஓடிவந்தான். ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

கைப்பிடியைத் தொட்டவன் வாளியைப் போட்டான். உள்ளங்கைத் தோல் பொசுங்கி ஒட்டியிருந்தது. நிழலில் நின்ற வண்டி அது.

கண்ணாடிக்குள் ஆண்டாள். சீட்டில் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

சத்தம் இல்லை.

"ஆண்டாளு! அப்பா இருக்கேம்மா!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. எங்கெங்கோ பார்த்தாள். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக் கைப்பிடியை இழுத்தான். சட்டை புகைந்தது. கதவு வரவில்லை. கல்லை எடுத்துக் கண்ணாடியில் அடித்தான். கீறல்கூட விழவில்லை. கல் பட்ட ஓசையும் எழவில்லை. ஒரு பஸ் அவனை உரசிக்கொண்டு கடந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தபடி போனார்கள்.

நாலு விரல் இடைவெளியில் காதை வைத்தான். இப்போதாவது கேட்க வேண்டும். கடவுளே, இப்போதாவது.

ரோட்டின் இரைச்சல். நூறு மைல் ரோடு. நின்ற வண்டியில். அவன் காதுக்குள்.

உள்ளே ஆண்டாளுக்குப் பின்னால் நிழல் ஒன்று எழுந்தது. தலை கூரையைத் தொட்டது. அதன் கையில் ஏதோ ஈரமாக மின்னியது. அது அவசரப்படவில்லை. வேலை தெரிந்த கை. கண்ணாடி இடைவெளியின் ஒரு மூலையில் களிமண்ணை அப்பி, கட்டைவிரலால் தேய்த்து, அடுத்த மூலைக்குப் போனது.

மூன்று விரல் அகலம். இரண்டு.

"பக்கிரி! எங்கிட்ட வா! அது கொழந்தடா! பக்கிரி!"

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ஒரு விரல் அகலம். அதன் வழியே ஒரு சின்ன விரல் வெளியே நீண்டு துழாவியது. சாமிக்கண்ணு பாய்ந்து பிடித்துக்கொண்டான். பிஞ்சு விரல். அவன் விரலை அது வளைத்துப் பற்றியது. சுற்றிலும் களிமண் வந்து சேர்ந்தது, வழவழப்பாக, ஒரு பிசிறு இல்லாமல். கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறமாகி மறைந்தது. மிச்சம் அந்த விரல் மட்டும்தான்.

அவன் விடவில்லை. விரல் சுடத் தொடங்கியது.