ஒருத்திக்கு மட்டும்

பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, யாரோ தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவளுக்குக் கேட்டது. படிக்கட்டுப் பக்கமிருந்து, ஒரு சின்னப் பெண்ணின் குரல். குழாயை மூடிவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். தொட்டிலில் கிடந்த நான்கு மாதக் குழந்தை, அம்மா தொண்டை வறளக் கூப்பிட்டாலும் ஏறிட்டுப் பார்க்காத மகாராணி, வாசல் கதவுப் பக்கம் தலையைத் திருப்பி வாயெல்லாம் ஈறாகச் சிரித்தாள்.

அந்தப் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தாருக்கு அவள் குட்டிதான். போன வாரம்தான் பதிவு செய்திருந்தார்கள். மாமியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சொன்னால், 'இதெல்லாம் ஒரு பேரா' என்று ஆரம்பிப்பார், அந்தப் பேச்சு முடிய ஒரு மாதமாகும்.

கதவைத் திறந்தாள். யாருமில்லை. மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்தப் புழுக்க வாடை படிக்கட்டு முழுக்க நின்றது. படிகளில் ஈரச் சுவடுகள், சிறிய பள்ளிக்கூட ஷூவின் சுவடுகள், ஒவ்வொரு படியாக ஏறி அவள் வீட்டு வாசல்வரை வந்திருந்தன. திரும்பிப் போன சுவடு ஒன்றுமில்லை. மழை பெய்து பல நாளாகிறது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு அந்தப் பெயருக்குத் தானே எழுதிய பக்கத்தைப் போனில் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

குழந்தைப் பெயர்களுக்கான இணையதளம் ஒன்றில் அவளுக்கு வேலை. பெயருக்கு ஒரு பக்கம். அதில் பொருளும், அந்தப் பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் இருக்கும். இதை அப்படியே வழித்து எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களைப் பிடிக்க, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் இல்லாத பெயர் ஒன்றை இட்டுக்கட்டி நடுவில் சொருகிவைப்பார்கள். பொறிப்பெயர் என்பார்கள். திருடன் தளத்தில் அது தென்பட்டால் ஆள் மாட்டினான். தன்னுடைய பொறிப்பெயரை ஏழு வருடத்துக்கு முன்னால் டீ ஆறுவதற்குள் உண்டாக்கினாள். பொருள்: தனக்கு இணை இல்லாதவள். எந்த மொழியிலும் இல்லாத சொல்லுக்குக் கொஞ்சமும் கூச்சப்படாமல் பொருள் எழுதினாள்.

சொந்த மகள் பிறந்தபோது, ஆயிரக்கணக்கான பெயர்களை மேய்ந்து சலித்தவளுக்கு அதைத் தவிர வேறெதுவும் மனதில் ஒட்டவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், "நான் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அவ காலேஜ் முடிச்சிடுவா" என்று கிண்டல் செய்தான். ஆனாலும் சம்மதித்தான். பதிவு செய்த அன்று எண்ணிக்கை ஒன்று என்று மாறியது. அந்த ஒன்றைப் பார்த்து அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது அது இரண்டு என்றிருந்தது.

அலுவலகத்தில் 'கண்ணாடி' என்று எல்லோரும் கூப்பிடும் பையனுக்குப் போன் போட்டாள்.

"யாராவது விளையாடுறீங்களா?"

"எண்ணிக்கை நம்ம கையில இல்லக்கா. பிறப்புப் பதிவுல இருந்து தானா வருது. இருங்க, பாக்குறேன்." நெடுநேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அக்கா, உங்க பொறிப்பெயரை ஒரு அம்மா அவங்க பொண்ணுக்கு நெஜமாவே வச்சிருக்காங்க. ஆறு வருஷமாச்சு. பொறிப்பெயர்ப் பக்கத்தை யாரு கீழவரைக்கும் பாக்குறோம்? அங்க கேள்வி கேட்டிருக்காங்க. 'இது வேற யாருக்கும் கிடையாதுன்னு உறுதியா சொல்லுங்க, என் பொண்ணு தினமும் கேட்டு அழறா'ன்னு."

"நாம என்ன சொன்னோம்?"

"அரிய பெயருக்கு எல்லாருக்கும் சொல்றதுதான். 'உங்கள் மகளுக்கு மட்டுமே. உறுதி.'"

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்ப அந்தப் பொண்ணு ஒண்ணு, என் பொண்ணு ஒண்ணு. ரெண்டு சரிதானே."

"இல்லக்கா." அவன் குரல் தணிந்தது. "அந்தப் பொண்ணு போன வருஷமே போயிடுச்சு. மாடிப்படியில தலைகுப்புற விழுந்துச்சாம், அம்மாவே எழுதியிருக்காங்க. செத்தவங்க கணக்குல வரமாட்டாங்க. நேத்துவரைக்கும் வரலை."

கதவு தட்டப்பட்டது. மெதுவாக. தாழ்ப்பாளுக்கு வெகு கீழே, அவள் இடுப்புயரத்தில்.

"ஆன்ட்டி," என்றது குரல். "அது என் பேரு."

போன் கையிலிருந்து நழுவியது. சாப்பாட்டு மேசையை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டாள். காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு தொட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். என் பிள்ளை, என் பிள்ளை என்பதைத் தவிர மனதில் ஒன்றுமே ஓடவில்லை. குழந்தை கால்களை உதைத்துக் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது கீழே ஸ்பானர்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. கணவனின் பை. கணவனின் நடை.

"ஏங்க, மேல வராதீங்க" என்று கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"யாரு பாப்பா நீ? கழுத்துல என்னம்மா ஆச்சு?" என்று அவன் கேட்டான்.

"உள்ள அவ இருக்காளா?"

ஸ்பானர் பை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. எதைப் பார்த்தானோ. பிறகு சொன்னான், "இங்க யாரும் இல்ல பாப்பா. நீ வீட்டுக்குப் போ."

"பொய்."

இரும்பு எதிலோ மோதியது. அவன் ஒருமுறை உறுமினான். பிறகு அவன் தலை கதவில் மோதியது. மேசை நகர்ந்தது. மறுபடி மோதியது. மறுபடி. ஒவ்வொரு மோதலுக்கும் சத்தம் கொழகொழவென்று மாறியது. கதவுக்கு அடியிலிருந்து ரத்தம் அவசரமில்லாமல் வந்து, அவன் காலையில் கழற்றிப்போட்ட வீட்டுச் செருப்பைத் தொட்டது.

"பேரை எடுத்துக்கோ" என்று அவள் அழுதாள். "நாளைக்கே மாத்திடறேன். இவளுக்கு வேற வச்சுக்கறேன், பாப்பா. உனக்கே, உனக்கு மட்டும்தான்."

கதவில் ஒரு விரல் மெல்லக் கீறியது. யோசிப்பது போல.

"பேரு மட்டும் எப்படி ஆன்ட்டி தனியா வரும்?"

பலகை பிளந்தது. விரல்கள். சிறிய விரல்கள். தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து தரையில் உருண்டது. மேசை கவிழ்ந்தது. சீருடை. ஒரு பக்கத் தோளின்மேல் சாய்ந்து கிடந்த முகம். அவள் குத்தினாள். தோளில் இறங்கியது. மார்பில் இறங்கியது. கழுத்தின் அந்தக் கோணலில் பிடிவரை இறங்கியது. ரத்தம் இல்லை. அந்த முகம் அவளைப் பார்க்கவே இல்லை. தொட்டிலையே பார்த்தது. அவள் மணிக்கட்டை எதுவோ பிடித்தது. எலும்பு முறிந்தது. தொட்டில்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். தலைமுடியைப் பற்றித் தூக்கியது. சுவர்.

கண் விழித்தபோது இருட்டியிருந்தது. திறந்த கதவில் கணவனின் கால்கள் தெரிந்தன. தரையில், விரிசல் விட்ட போனில் அந்தப் பக்கம் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எண்ணிக்கை: ஒன்று.

எந்த ஒன்று?

உடைந்த கையை இழுத்துக்கொண்டு தொட்டில்வரை ஊர்ந்தாள். போர்வை ஏறி இறங்கியது. மூச்சு இருந்தது. கும்பிடாத குறையாக அந்த மூச்சைக் கேட்டாள். போர்வையை விலக்கக் கை வரவில்லை. அதனால் கூப்பிட்டாள். நான்கு மாதமாகத் தான் கூப்பிட்டு ஒருமுறைகூடக் குழந்தை திரும்பாத பெயரைச் சொல்லி, மெல்லக் கூப்பிட்டாள்.

போர்வை நழுவியது. நான்கு மாதக் குழந்தைக்கான தொட்டிலில் முழங்கால்களை மார்போடு மடக்கி, ஷூவோடு, அடங்கிப் படுத்திருந்தது. பிடிவரை இறங்கிய கத்தி கழுத்தில் அப்படியே இருந்தது. தோளில் சாய்ந்த முகம் அவள் பக்கம் திரும்பியது.

"என்னம்மா?" என்றது.

பிறகு சிரித்தது. ஐந்து வயது முகத்தில், ஒரு பல்கூட இல்லாமல், வாயெல்லாம் ஈறாக.