நிழல்களுக்கு முக்காலி

வேங்கைமலைக் கோளில் ஜவுளிக் கடையைத் திறப்பதற்கு முன்பே அன்றைய வியாபாரம் ஆயிரம் முறை முடிந்துவிடும். கணினிக்குள் கடை அப்படியே இருந்தது. தளங்கள், சேலை அடுக்குகள், ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிழலாள். வாடிக்கையாளர்களும் நிழல்கள்தான். குணத்தைக் கொடுத்து நடமாடவிட்டால் போதும், தாமாகவே பேரம் பேசும், சலித்துக்கொள்ளும், பக்கத்துக் கடைக்கு ஓடும். எந்த நிர்வாக முறைக்கு விற்பனை ஏறுகிறதோ, அதுதான் அன்றைக்குச் சட்டம். முதலாளி தங்கையா அண்ணாச்சிக்கு மனிதர் சொன்னால் காதில் ஏறாது, திரை சொல்லவேண்டும்.

பட்டுப் பிரிவின் மேற்பார்வையாளர் பொன்மலருக்கு அந்தத் திரையிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. அந்தக் கோளில் உடம்பின் எடை பூமியில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு. ரோபோ விரித்துக் காட்டினால் பட்டு வாங்க ஆளில்லை, மனிதக் கைதான் வேண்டும். ஆகவே பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றார்கள். விற்கிறவர் உட்காரக் கூடாது என்பது பூமியிலிருந்து பத்திரமாகக் கட்டி எடுத்துவந்த வழக்கம். விற்பனைப் பெண் வடிவுக்குக் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டன. இன்னொரு கல்யாண சீசனும் இப்படி நின்றால் நடக்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அவள் வீட்டில் உலை ஏறாது.

முக்காலி வாங்கிக் கொடுக்காமல் ஓய்வதில்லை என்று பொன்மலர் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, நிழலாட்களுக்கு முக்காலி போட்டு ஓட்டிப் பார்த்தாள். முதலில் விற்பனை சரிந்தது. தலையில் கை வைத்தாளே தவிர, விடவில்லை. ஆள் வந்தால் எழு, போனால் உட்கார் என்று விதியை மாற்றினாள். நிழல்களுக்குக் கால் வலி குறைந்தது, எரிந்து விழுவது நின்றது, பொறுமையாக இன்னும் நாலு சேலை விரித்தன. விற்பனை மளமளவென்று ஏறியது.

மெத்தை நாற்காலியில் சாய்ந்தபடி வரைபடத்தைப் பார்த்த அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். நல்ல காரியம் செய்தாய் என்று மெச்சினார். பொன்மலர் சந்தோஷம் தாங்காமல் வடிவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் புது விற்பனை இலக்கு, திரை காட்டிய அதே அளவு. முக்காலி ஒன்றைக்கூடக் காணோம். வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொன்மலர் நேரே அண்ணாச்சியிடம் போய், அது உட்கார்ந்து விற்றவர்களின் கணக்கு என்றாள்.

"அதத்தான் நானும் சொல்லுதேன். உக்காந்துக்கிட்டே அதுக இவ்வளவு விக்குதுன்னா, நின்னுக்கிட்டு இருக்க நீங்க எவ்வளவு விக்கணும்?"

"அப்ப அதுக முக்காலியையும் எடுத்துரவா அண்ணாச்சி?"

"சேச்சே, அது எதுக்கு? பாவம், உக்காந்துட்டுப் போகட்டும்."

பொன்மலர் கணினிக்குத் திரும்பினாள். திரையில் வடிவின் நிழல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. அதைத் தொந்தரவு செய்யாமல் இன்னொரு நிழல் கடையைத் திறந்தாள். அதில் யாருக்கும் முக்காலி இல்லை. அண்ணாச்சிக்கும் ஒரு நிழலாளை உருவாக்கி, பட்டுப் பிரிவில் நாள் முழுக்க நிற்கவிட்டாள். தன் கால் வலித்தால் புத்தி வரும், அதைத் திரையிலேயே அவருக்குக் காட்டிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

ஆயிரம் ஓட்டத்திலும் உச்சி வேளைக்குள் நிழல் அண்ணாச்சி முக்காலி கொண்டுவரச் சொன்னார். ஒன்றே ஒன்று, தனக்கு.

பொன்மலர் மறுபடியும் ஓட்டினாள்.