ஓட்டை இல்லாத ஜாக்கெட்!

“ஐயோ... பாப்பா!”

மலேசியாவின் குவாலா கெடா படகுத்துறை ஜெட்டியே அந்த அலறலில் திரும்பிப் பார்த்தது.

பலகை மேல் வாசுகி கிடந்தாள். வயது இருபத்தாறு. கல்யாணமாகி எட்டு மாதம். கண்கள் பாதி திறந்திருந்தன... மூச்சு இல்லை!

அலறியவர் அவளைப் பெற்ற முருகையா. செமிலிங் ஊர் ஃபேக்டரி ஒன்றில் கேட் காவல் பார்க்கிறவர். பெண்டாட்டி போனபின் ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர்.

பக்கத்தில் நனைந்த உடுப்போடு குந்தியிருந்தான் அவள் புருஷன் தேவன். இரண்டு பேரும் பாயார் தீவில் கடலுக்கு அடியில் மீன் பார்க்கப் போனவர்கள். ஒருத்தன்தான் திரும்பினான்!

முருகையா பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தார்.

“கொன்னுட்டியேடா! தண்ணிக்குள்ள வச்சு எம்மகளைக் கொன்னுட்டியே!”

தேவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் திவாகரன் இருவரையும் பிரித்தார். பிணத்தருகே கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். முதுகில் காற்றுச் சிலிண்டரைத் தாங்குவது. பட்டனை அழுத்தினால் காற்று நிறைந்து ஆளை மிதக்க வைப்பது. புத்தம் புதுசு.

இது இருந்தும் இவள் ஏன் மூழ்கினாள்?

“நான்தான் சார்,” என்றான் தேவன். “ஜாக்கெட்ட ஊசியால குத்தினேன்.”

“ஏன்?”

“சண்டை.”

“என்ன சண்டை?”

“புருஷன் பொண்டாட்டி சண்டை சார்... புடிச்சு உள்ள போடுங்க.”

கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனை நம்பக்கூடாது. கோழி திருடினவன்கூட நாலு அடி வாங்கின பிறகுதான் வாயைத் திறப்பான்!

ஆனாலும் திவாகரன் அவனை உள்ளே வைத்தார். கொலைக் கேஸ். கோர்ட்டில் நின்றால் தூக்கு வரைக்கும் போகும்.

மறுநாள் காலை. மெர்கோங். டைவிங் சாமான் விற்கிற கடை.

கடைக்காரி நவமணி ஜாக்கெட்டில் காற்றை நிரப்பினாள். பெரிய தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள். திவாகரன் குனிந்து பார்த்தார்.

ஒரு குமிழி...?

இல்லை!

“ஓட்டையே இல்ல சார். ஊசி குத்தினேன்னு சொன்னவன் பொய் சொல்றான் லா.”

“அப்ப எப்படிச் செத்தா?”

நவமணி ஜாக்கெட்டில் சைஸ் எழுதியிருந்த துணித்துண்டைப் பார்த்தாள். முகம் மாறியது.

“அந்தப் பொண்ணு என்ன வெய்ட்டு?”

“நாப்பத்தஞ்சு கிலோ.”

“நானும் அவ்ளோதான். இருங்க.”

ஜாக்கெட்டைப் போட்டாள். எல்லா வாரையும் கடைசி வரை இழுத்தாள். காற்றை நிரப்பினாள்.

“தோள்பட்டையைப் புடிச்சு மேல தூக்குங்க சார்.”

தூக்கினார். ஆள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறியது!

“பாத்தீங்களா? சரியான சைஸா இருந்தா ஒடம்போட ஒட்டி நிக்கும். இது ரெண்டு சைஸ் பெருசு. தண்ணிக்கு மேல வந்து, வாயில இருக்கற காத்துக் குழாய எடுத்துட்டு ஜாக்கெட்ல காத்த நெரப்புனா ஜாக்கெட் மேல ஓடும்... முங்கறதுக்காக இடுப்புல கட்டுன ஈயக்கட்டி ஆளக் கீழ இழுக்கும். மூஞ்சி ஜாக்கெட்டுக்குள்ள பொதைஞ்சிரும். அலை வேற அடிச்சா...”

அவள் ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

“இதை யாரு வித்தது?”

“நான்தான்.” குரல் உடைந்தது. “செமிலிங்லேருந்து ஒரு அங்கிள் வந்தாரு. மகளுக்கு பிறந்தநாளாம். ஆளக் கூட்டிட்டு வாங்க, போட்டுப் பாத்துத்தான் வாங்கணும், எக்ஸ்எஸ் சைஸ்தான் சரியா இருக்கும், பெருசா இருந்தா காதுவரை ஏறிரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்!”

“கேக்கலையா?”

“விக்காத சின்ன சைஸ என் தலையில கட்டப் பாக்கிறியான்னு திட்டினாரு. கல்யாணமான புள்ள, நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா ஒடம்பு போடும்... ஸ்கூல் சட்டையே ரெண்டு சைஸ் பெருசா வாங்கிக் குடுத்துதான் வளத்தேன்னாரு.”

திவாகரன் தொப்பியைக் கழற்றினார்.

லாக்கப்.

“தேவா, ஜாக்கெட்ல ஓட்டை இல்ல.”

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“உன் மாமனார் வாங்கினது. அதானே?”

ஒரு விம்மல்... அடக்க அடக்க உடைந்தது!

“வேணாம், வாடகை ஜாக்கெட்ட போட்டுக்கன்னு நான் சொன்னேன் சார். அவதான் கேக்கல. ‘அப்பா ஆசையா வாங்கினது, இதைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும்’னா. வார் எல்லாத்தையும் நான்தான் இழுத்துக் கட்டிவிட்டேன். அப்பவும் உள்ள என் கை நுழைஞ்சிச்சு... போதும்னு விட்டுட்டேன் சார். போதும்னு விட்டுட்டேன்!”

“அதுக்காகக் கொலைன்னு ஒத்துக்குவியா?”

“தான் வாங்கிக் குடுத்ததாலதான் மக செத்தான்னு தெரிஞ்சா மாமா அன்னைக்கே செத்துருவாரு. என்னை வெறுத்துக்கிட்டாவது உசுரோட இருக்கட்டுமே!”

“முட்டாப் பயலே...” என்றார் திவாகரன்.

அப்போது வெளியே சத்தம்!

“விடுங்கய்யா! நான் இன்ஸ்பெக்டரப் பாக்கணும்!”

முருகையா! ஒரே ராத்திரியில் பத்து வயது ஏறியிருந்தது. திவாகரன் சட்டென்று லாக்கப்பை மறைத்து நின்றார்.

“பெரியவரே, விசாரணை நடக்குது. அவன் ஒத்துக்கிட்டான். நீங்க வீட்டுக்குப் போங்க.”

“ஊசியால குத்தினேன்னு ஒத்துக்கிட்டானாமே?”

“ஆமா.”

“பொய்!”

திவாகரன் அதிர்ந்தார்.

“கோழி அறுக்கறப்பவே கண்ண மூடிக்கிற பய சார் அவன்! அவனா குத்துவான்?” முருகையா சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஜெட்டியில அவளப் படகுலேருந்து தூக்குனப்பவே பாத்தேன். அந்தச் சனியன் ஜாக்கெட் அவ காதுகிட்ட நின்னுச்சு. கடைக்காரப் பொண்ணு சொன்ன மாதிரியே நின்னுச்சு சார்! அந்த நிமிசமே தெரிஞ்சு போச்சு... எம்மகளைக் கொன்னது நான்தான்னு.”

“அப்புறம் ஏன் இவன் கழுத்தப் புடிச்சீங்க?”

“என் கழுத்தப் புடிக்கத் தைரியம் இல்ல சார்...”

லாக்கப்புக்குள்ளிருந்து, “மாமா!” என்று ஒரு குரல்.

கிழவர் கம்பி வழியாகக் கையை நீட்டினார். தேவன் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இரண்டு ஆண்கள் வெட்கமில்லாமல் அழுதார்கள். ஸ்டேஷனே வேறு பக்கம் பார்த்தது.

“என்னைப் புடிச்சு உள்ள போடுங்க சார்,” என்றார் முருகையா.

“இல்ல, என்னை!” என்றான் தேவன்.

திவாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தார்.

“பொய் சொன்ன குத்தத்துக்கு ஒருத்தன், உண்மைய மறைச்ச குத்தத்துக்கு ஒருத்தர். மாமனாரையும் மருமகனையும் ஒரே வீட்டுல அடைக்கிறேன். அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டுலயும் கெடையாது... கெளம்புங்க!”