பதிவேட்டில் வாசித்த ஜெயபால்

லூர்தம்மாள் உட்காரக்கூட இல்லை. வந்த வேகத்தில் செல்போனைக் கஜபதியின் மேஜைமேல் வைத்தாள்.

"சார், எங்கூட்டுக்காரு ஜெயபால் செத்து அஞ்சு மாசம் ஆவுது. உங்க மிஷினு, அவரு நேத்துகூட டிரம்பெட் வாசிச்சாருன்னு சொல்லுது. அவரு ஆத்மா அடங்கலியா? இன்னா சார் இது?"

பகல் பன்னிரண்டு மணி வெயிலிலும் சுதாவுக்கு முதுகு சில்லிட்டது. ஆவடி கலைப் பதிவேட்டு அலுவலகத்தில் அவளும் கஜபதியும்தான் தகவல் சரிபார்ப்பவர்கள். எந்தக் குழு எங்கே வாசித்தாலும் அலுவலகத்தின் செயலி குழுவினரின் செல்போன் வழியே கேட்கும்; யார் வாசிப்பு என்று கண்டுபிடித்துப் பெயரைப் பதியும். அதை வைத்துத்தான் அரசு விழா மேடைகள் கிடைக்கும். பொய்ப் பதிவு என்றால் குழுவையே நீக்கிவிடுவார்கள். ஜெயபால் இருந்த சேக்காடு பேண்டு செட்டில் பதினோரு பேர், பதினோரு வீட்டு அடுப்பு. அப்பா இடத்தில் இப்போது ஊதுவது லூர்தம்மாளின் மகன் பெனிட்டோ.

கஜபதி அவசரப்படுகிற ஆளே இல்லை. நிதானமாகப் பட்டியலைத் திறந்தார். இறந்த பிறகு மட்டும் ஜெயபால் ஏழு முறை வந்திருந்தார். ஏழும் சாவு ஊர்வலங்கள். கல்யாணத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை.

"ஐயோ சார், அவரேதான்!" என்றாள் சுதா.

"இரும்மா. எவ்வளவு நேரம் வாசிச்சார், பாரு."

நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. ஏழு முறையும் அதேதான். சுதா ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். மூன்றாவது நிமிடத்தில், டிரம்பெட்டுக்கு நடுவே, ஓர் ஆணின் சின்ன இருமல். அடுத்த பதிவிலும் அதே இடத்தில் இருமல். அதற்கடுத்ததிலும். அவள் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

கஜபதி நேற்றைய ஊர்வலப் படத்தைக் காட்டினார். "எத்தனை பேர்?"

"பதினொன்னு. பதிவிலயும் பதினொன்னு... ஜெயபாலைச் சேர்த்து. அப்போ ஒருத்தர் பேர் குறையுதே!"

குறைந்த பெயர் பெனிட்டோ. படத்திலோ டிரம்பெட்டை உதட்டில் வைத்தபடி நிற்கிறான். மே மாத வெயிலில் மற்றவர்கள் கோட்டைத் திறந்துவிட்டிருக்க, அவன் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான்.

மாலையில் சேக்காட்டில் குழு முழுவதையும் கூட்டினார் கஜபதி. லூர்தம்மாளும் வந்திருந்தாள்.

"தெரு வளையும், வண்டி நிக்கும், மூச்சு வாங்கும். எந்த மனுஷனாலயும் ஏழு தடவை நொடி பிசகாம வாசிக்க முடியாது. ரெக்கார்டுதான் அப்படி வாசிக்கும். தம்பி பெனிட்டோ, கோட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிற ஸ்பீக்கரை எடு" என்றார் கஜபதி.

அவன் எடுத்து வைத்தான்.

"நான் பழகறதுக்குன்னு அப்பா போன்ல வாசிச்சுக் குடுத்தது சார்."

பேண்டுக்காரன் செத்தால் அவன் பிள்ளைதான் சவப்பெட்டிக்கு முன்னால் ஊத வேண்டும். அது அவர்கள் வழக்கம். பெனிட்டோவும் ஊதியிருந்தான்.

"அன்னிலேர்ந்து சாவூட்ல வாயில வச்சா காத்தே வரல சார். கல்யாணத்துல வருது."

"சொல்லியிருந்தா உனக்குப் பதிலா நான் ஊதியிருப்பேனேடா!" என்று கத்தினார் குழுத் தலைவர் ரூபஸ். பிறகு குரல் இறங்கியது. "எங்கள நீக்கிடுவீங்களா சார்?"

"நடந்ததை அப்படியே எழுதுவேன். ஏமாத்தச் செய்யலைன்னும் எழுதுவேன். இன்னொரு தடவை இந்த ரெக்கார்டு கேட்டா, என் கையில ஒண்ணுமில்ல."

மறுநாளே காட்டுப்பாக்கத்தில் ஒரு சாவு ஊர்வலத்துக்கு வாசிக்க வேண்டியிருந்தது. எல்லோரும் பெனிட்டோவைப் பார்த்தார்கள்.

லூர்தம்மாள் ஸ்பீக்கரை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவரு அடங்கலன்னு பயந்துகினு இருந்தேன். நீதாண்டா அவர அடங்க வுடல. நாளிக்கு நீயே ஊது. தப்பா வந்தாலும் ஊது. அழுகை வந்தா அழு. சாவூட்ல ஏன் அழுவறன்னு எவன்டா கேக்கப் போறான்?"