மாவுக்கும் ஓர் ஓட்டு

செவ்வாய்க் கிரகத்தில், வட்டக்குடி என்னும் ஊரில், காலையில் எழுந்ததும் முதல் வேலை பல் துலக்குவதல்ல, சுவர்க்குழாயில் ஊதுவது. வாயை வைத்து ‘பூ’ என்று ஓர் ஊது. “உயிரோடு இருக்கிறீர்கள், வாழ்த்துகள்” என்று சுவர் சொன்ன பிறகுதான் காப்பி. ஊத மறந்தவனை அன்றைக்கு இறந்தவனாக எழுதிவிடுவார்கள். மறுநாள் அலுவலகத்துக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடி உயிரை வாங்கி வர வேண்டும். அங்கே இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற ஊர் அல்லவா! காற்று அளந்து வைத்தது. அதனால் முதல் குடியேற்றக் குழுவின் அறிஞர்கள் ஒரு சட்டம் எழுதினார்கள்: ‘சர்க்கரையை உடைத்து, ஆற்றலை எடுத்துக்கொண்டு, கரியமில வாயுவை வெளியே விடும் எவரும் இவ்வூர்க் குடிமக்கள்.’ உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லும் செய்வது அதைத்தான். நீங்கள் தின்ற சோறு சர்க்கரையாகி, மைட்டோகாண்ட்ரியா என்னும் குட்டி அடுப்பில், ஆக்சிஜன் சேர்ந்து, தீயில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது. வருகிற சக்தியில் நீங்கள் நடக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடுகிறீர்கள். அந்த அடுப்பின் புகைதான் நாம் வெளியே விடும் மூச்சு. சட்டம் எழுதியபோது அறிஞர்களுக்கு மனிதர்கள் மட்டுமே ஞாபகத்தில் இருந்தார்கள். ரொம்பப் படித்தவர்கள், பாவம்.

பூங்கோதைக்கு ஞாபகத்தில் இருந்தது இட்லி. அவள் கணவன் தணிகைவேல் வருஷக்கணக்காகச் சத்துவில்லைகளை மென்று மென்று, தூக்கத்தில் “சட்னி, சட்னி” என்று புலம்ப ஆரம்பித்திருந்தான். பூமியிலிருந்து வரும்போது தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்த அரிசியையும் உளுந்தையும் அவள் வெளியே எடுத்தாள். அவளுக்குக் கல் ஆய்வுக்கூடத்தில் வேலை. செவ்வாய்ப் பாறைகளைப் பொடியாக்கும் இயந்திரத்தை நன்றாகக் கழுவி, அதிலேயே மாவை அரைத்தாள். கதகதப்பாக இருக்கட்டும் என்று பாத்திரத்தைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

விடிந்ததும் மூச்சாய்வர் வந்து நின்றது. அது ஓர் எந்திரன். முகம் என்று பார்த்தால் முக்கால்வாசி மூக்குத்தான்.

“இந்த வீட்டில் ஊதியவர்கள் இருவர். ஆனால் மூன்றாவதாக ஒரு மூச்சு வருகிறது,” என்றது.

“சொந்தக்காரங்க யாரும் வரலைங்களே!” என்றான் தணிகைவேல்.

மூச்சாய்வர் மோப்பம் பிடித்துக்கொண்டே போய் அலமாரியைத் திறந்தது. மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது.

“அது வெறும் மாவுங்க,” என்றாள் பூங்கோதை.

“வெறும் மாவு மூச்சு விடாது, அம்மா. உள்ளே குடிமக்கள் இருக்கிறார்கள். கோடிக்கணக்கில்.”

அது சொன்னதும் பொய்யில்லை. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. சர்க்கரையை அரைகுறையாக உடைத்து, கிடைத்த கொஞ்ச சக்தியில் பிழைத்துக்கொண்டு, புளிப்பையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளும். ஆகச் சட்டப்படி எல்லாரும் வட்டக்குடிக்காரர்கள். மூச்சாய்வர் அங்கேயே அவர்களைப் பதிவு செய்தது. பிறகு, கோடிக்கணக்கான குடிமக்களை இருட்டில் அடைத்து வைத்த குற்றத்துக்காகத் தம்பதியர் இருவரும் வெள்ளிக்கிழமைக் கப்பலில் பூமிக்கே திருப்பி அனுப்பப்படுவார்கள் என்றும் அறிவித்தது.

பூங்கோதைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி ஆயுசு வரிசையில் நின்று வாங்கிய இடம் இது. பூமியில் அவர்களுக்கு வீடு வாசல் எதுவும் மிச்சமில்லை.

“பேசாம வேகவெச்சுடலாமா?” என்று தணிகைவேல் அவள் காதில் கிசுகிசுத்தான்.

“எனக்குக் காது கேட்கும். அது கொலை,” என்றது மூச்சாய்வர்.

அந்த வாரம் ஊரில் தேர்தல். புது வாக்காளர்கள் முளைத்த செய்தி பரவியதும் முதலில் ஓடி வந்தவர் திருமேனிநாதன். நின்ற தேர்தலில் எல்லாம் தோற்ற வேட்பாளர். துண்டைச் சரிசெய்துகொண்டு, பாத்திரத்தின் முன் இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டார்.

“என் மாவுப் பெருமக்களே! உங்களைத் தாய் மாதிரி வளர்த்த இந்த அம்மாவை யாரு நாடு கடத்துறான்னு நானும் பாக்குறேன்! ஜெயிச்சதும் என் முதல் கையெழுத்து அதுக்குத்தான்!” பிறகு பூங்கோதையைத் தனியே அழைத்து மெதுவாகக் கேட்டார்: “இதுல நம்ம ஆளுங்க எத்தனை பேரும்மா இருப்பாங்க?”

அந்த ஊரில் ஓட்டும் ஊதித்தான் போட வேண்டும். வேட்பாளருக்கு ஒரு குழாய். தேர்தலன்று மாவுப் பாத்திரத்தை எடுத்துப் போய்த் திருமேனிநாதனின் குழாயில் பொருத்தினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. இருந்த சர்க்கரையெல்லாம் தீர்ந்து, வாக்காளர்கள் அடங்கிப் போயிருந்தார்கள். பூங்கோதை பாத்திரத்தைக் குலுக்கிப் பார்த்தாள். திருமேனிநாதனோ பதறவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மாவில் கொட்டினார். சர்க்கரை.

“இது லஞ்சம் அல்லவா?” என்றது மூச்சாய்வர்.

“பசிச்சவங்களுக்குச் சாப்பாடு போட்டா லஞ்சமாய்யா? நல்லா இருக்கே உன் நியாயம்!”

கொஞ்ச நேரத்தில் மாவு நுரைத்துப் பொங்கியது, குழாய் விசிலடித்தது. எதிர் வேட்பாளருக்கு வெறும் மனிதர்களின் ஓட்டுத்தான் கிடைத்தது.

மறுநாள் தலைவர் திருமேனிநாதன் மாலையும் கழுத்துமாக நன்றி சொல்ல வந்தார்.

“ஐயா, அந்த முதல் கையெழுத்து...” என்றாள் பூங்கோதை.

“போடலாம்மா. அதுக்கு ஒரு குழு அமைக்கணும், குழு அறிக்கை குடுக்கணும்...”

“நாளைக்குக் கப்பல் கிளம்புதுங்க!” அவள் அழுதே விட்டாள்.

தலைவர் தாடையைச் சொறிந்தார். அவர் பார்வை மாவிலேயே இருந்தது. மூச்சாய்வரிடம் கேட்டார்: “இவங்க மேல புகார் குடுத்தது யாரு?”

“அடைத்து வைக்கப்பட்ட குடிமக்கள். அவர்கள் சார்பில் நான்.”

“அந்தக் குடிமக்களே இல்லாமப் போயிட்டா?”

“புகார் தானாகக் காலாவதியாகும்.”

“இட்லித் தட்டு இருக்காம்மா?” என்றார் தலைவர்.

தலைவரே மாவை ஊற்றி வேகவைத்தார். ஆவி கிளம்பியது. மூச்சாய்வரின் மூக்கில் கோடிக்கணக்கான மூச்சுகள் தடுமாறி, தேய்ந்து, நின்றன. தணிகைவேல் முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். பூங்கோதைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“தலைவரே, இவர்கள் நேற்று உங்களுக்கு வாக்களித்தவர்கள்,” என்றது மூச்சாய்வர்.

“அதான் இவ்ளோ மெத்துனு இருக்காங்க,” என்று தலைவர் நான்காவதை எடுத்தார்.

ஜெயித்தவர் வாக்காளர்களைத் தின்றால் என்ன செய்வது என்று வட்டக்குடிச் சட்டத்தில் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட சந்தேகங்களுக்குப் பூமியின் தேர்தல் வரலாற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மூச்சாய்வர் ஒரு நொடியில் எல்லாவற்றையும் படித்து முடித்தது.

“மன்னிக்கவும். சாதாரண ஆள் செய்தால்தான் கொலை. ஜெயித்தவர் செய்தால் அது வழக்கம்,” என்று புகாரை மூடியது. பிறகு பூங்கோதையிடம் பணிவாகக் கேட்டது: “அடுத்த தேர்தலுக்கு அரிசியை எப்போது ஊறப்போட வேண்டும், அம்மா?”