பின்தடி

பூட்வல் நகரத்திலிருந்து வந்த புதுமணத் தம்பதிக்கு அன்றைக்கே புலி பார்த்தாக வேண்டும். பனிமூட்டம் கலையட்டும், நாளைக்குப் போகலாம் என்று விடுதிக்காரர் சொல்லிப் பார்த்தார். நாளைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்று நவராஜ் ஒற்றைக்காலில் நின்றான். அவன் மனைவி சம்ஜனா கழுத்துவரை சால்வையைச் சுற்றிக்கொண்டு, இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிற முகத்தோடு டீ குடித்தாள்.

காலை ஏழரைக்குச் சரணாலய வாசலில் குஷிராம் அவர்களுக்காகக் காத்திருந்தான். கூடவே அவன் மகள் ஜோக்கனி.

இந்தக் காட்டில் நடந்துதான் விலங்கு பார்க்க வேண்டும். நடப்பதற்கு இரண்டு வழிகாட்டிகள் கட்டாயம். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், வந்தவர்கள் நடுவில். துப்பாக்கி கிடையாது, எண்ணெய் ஊறிய மூங்கில் தடி மட்டும்தான். முன்னால் போகிறவர் முன்தடி, பின்னால் வருகிறவர் பின்தடி. முன்தடி தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் பின்தடி இரண்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் பத்திரம் என்று அர்த்தம். மூன்று தட்டுக் கேட்டால், ஏன் எதற்கு என்று கேட்காமல் மரத்தில் ஏற வேண்டும்.

காண்டாமிருகம் வந்தால் மரம் ஏறுங்கள், யானை வந்தால் ஓடுங்கள், புலி வந்தால் மட்டும் முதுகு காட்டாதீர்கள் என்று குஷிராம் வழக்கமான பாடத்தை ஒப்பித்தான். மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று நவராஜ் கேட்டான்.

"அப்ப மட்டும் எங்களை முந்தாம ஓடுங்க. வழி காட்டுறது எங்க வேலை" என்றாள் ஜோக்கனி.

சம்ஜனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குஷிராம் சிரிக்கவில்லை. மகள் பின்தடியாக நடப்பது இன்றுதான் முதல் தடவை. அது அவனுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

வேறு வழியும் இல்லை. ஒரு வருடமாக அவனுக்குப் பின்னால் நடக்க ஊரில் ஆள் கிடைக்கவில்லை. ஒருவனுக்கு முட்டி வலி. இன்னொருவனுக்கு ஒரே மாமியார் இரண்டு தரம் செத்தாள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் மங்ரூ.

மங்ரூ ஒன்பது வருடம் குஷிராமின் பின்தடி. அண்ணே, அண்ணே என்று அவன் நிழலாகத் திரிந்தவன்; புகையிலை கசக்க அவனிடம்தான் சுண்ணாம்பு கேட்பான். போன மாசி மாதம் புலி அவனை அடித்தது. வந்தவர்களை மரத்தில் ஏற்றிக் காப்பாற்றியதற்காகக் குஷிராமுக்கு மாலை போட்டார்கள். மங்ரூ எங்கே விழுந்தான் என்று ஊர் கேட்டது. ஓடைக்கு இந்தப் பக்கம், தூரத்தில், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றான் குஷிராம். வந்தவர்கள் அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டதாலும், மிச்சத்தைப் புலி எங்கெங்கோ இழுத்துப் போட்டிருந்ததாலும் அவன் சொன்னதுதான் சாட்சி.

உண்மையில் மங்ரூ விழுந்தது ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு சால மரத்தடியில். அந்த மரத்தின் இரண்டாவது கிளையில்தான் குஷிராம் உட்கார்ந்திருந்தான். இருபது அடி இருக்கும். புலி தொடையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. அதனால் மங்ரூ உடனே சாகவில்லை. 'அண்ணே, ஒரு அதட்டு அதட்டு, போயிடும்' என்று கெஞ்சினான். பிறகு அண்ணே என்று மட்டும் கத்தினான். பிறகு வெறும் சத்தம். குஷிராம் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

வழிகாட்டிகளுக்குள் ஒரு முறை உண்டு. புலி அடித்தவன் விழுந்த இடத்திலேயே நிற்பான். அவனைக் காட்டுக்குள் கூட்டிப்போன முன்தடிதான் பதின்மூன்று நாளைக்குள் அதே இடத்துக்குப் போய், மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தடியைத் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் ஊர் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். வாய்க்காலோடு அவன் போய்விடுவான். கூப்பிடாமல் விட்டால், தன் இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டுத்தான் நகர்வான்.

குஷிராம் கூப்பிட்டான். கோழியும் பலி கொடுத்தான். ஆனால் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. ஊர் நம்பியது. அவன் வயிறு மட்டும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவன் அந்தச் சால மரத்துப் பக்கம் போனதே இல்லை. இன்றைக்கும் போயிருக்க மாட்டான். ஆற்றோரப் பாதையில் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று குறுக்கே நின்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்றான். யானையைப் பார்த்த குஷியில் நவராஜ் கேட்கவில்லை. அந்தப் பக்கம்தான் ஒரு பாதை இருக்கிறதே பாபா என்று ஜோக்கனியும் கை காட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஓடையைத் தாண்டினார்கள். ஆளுயரத்துக்கு மேலே யானைப்புல். பனி இறங்கி, கை நீட்டினால் கை தெரியாத வெள்ளை. புல்லிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

குஷிராம் இரண்டு தட்டினான். பின்னாலிருந்து இரண்டு தட்டுப் பதில் வந்தது.

கொஞ்ச தூரம் நடந்து மறுபடி தட்டினான். பதில் வந்தது. நல்ல பிள்ளை, சரியாகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் தடவை அவன் தடியை ஓங்கியபோதே பதில் வந்துவிட்டது.

அவன் இன்னும் தட்டவே இல்லை.

எல்லாரையும் நிறுத்திவிட்டுப் பின்னால் போனான். ஜோக்கனி தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைகளை ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். ஏன் அவசரப்பட்டுத் தட்டுகிறாய் என்று காதோடு கேட்டான்.

"நான் எங்க தட்டுனேன்? ஓடையைத் தாண்டுனதுலேர்ந்து நான் தட்டவே இல்ல பாபா. எனக்குப் பின்னால யாரோ தட்டுறாங்க. வேற கூட்டம் வருதுன்னு நினைச்சேன்."

வாசல் பதிவேட்டில் அன்று அவர்களைத் தவிர ஒரு பெயரும் இல்லை.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. புது அரிசி வேகிற வாசம். சோறு எங்கே வேகிறது என்று சம்ஜனா ஆசையாகக் கேட்டாள். காட்டில் யாரும் சோறு வடிப்பதில்லை. புலி மூத்திரம் அப்படித்தான் மணக்கும். அந்த மணத்துக்குள்ளே இன்னொன்றும் இருந்தது. சுண்ணாம்பு போட்டுக் கசக்கிய புகையிலை.

பனி ஒரு நிமிடம் விலகியது. எதிரே சால மரம்.

பின்னாலிருந்து தட்டுக் கேட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

இருபது வருடப் பழக்கம், யோசிக்க விடவில்லை. சம்ஜனாவைத் தூக்கிக் கிளைமேல் போட்டான். நவராஜைத் தள்ளி ஏற்றினான். மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது தானும் மேலே இருந்தான். எப்போது ஏறினான் என்று அவனுக்கே தெரியவில்லை. அதே இரண்டாவது கிளை.

ஜோக்கனி கீழே மரத்தை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். பக்கவாட்டில் புல் பிளந்தது. புலி உறுமவில்லை. வலது தோளைக் கவ்வி அவளைத் தரையில் அறைந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் மரத்துக்கு மேலே வரை கேட்டது. வெள்ளைப் புல் அவளைச் சுற்றிச் சிவந்தது.

"பாபா!"

குஷிராமின் கைகள் கிளையை விடவில்லை. மகள்! பெற்ற மகள்! ஆனாலும் விடவில்லை.

"பாபா, ஒரு அதட்டு அதட்டு, போயிடும்!"

குரல் அவளுடையது. வார்த்தை மங்ரூவுடையது.

குதித்துவிட்டான். தடியால் புலியின் மூக்கிலேயே அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். மூங்கில் பிளந்தது. பிளந்த முனையை அதன் கண்ணில் குத்தினான். புலி ஒரு முன்காலை வீசியது. அவனுடைய இடது கன்னம் தோலோடு உரிந்து தாடைக்குக் கீழே தொங்கியது. விழுந்தவன் எழுந்து, வெறும் கையால் அதன் காதைப் பிடித்து இழுத்தான். புலி அவனை உதறித் தள்ளியது. ஜோக்கனியின் மார்பில் ஒரு காலை ஊன்றி, அசையாமல் நின்று அவனைப் பார்த்தது.

புலிக்குப் பின்னால் புல், ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு, விலகியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

குஷிராமுக்குப் புரிந்தது. கிழிந்த வாயோடு மண்டியிட்டான்.

"நான் பொய் சொன்னேன் மங்ரூ. இங்கதான் இருந்தேன். நீ கத்துனது அத்தனையும் கேட்டுச்சு. பயந்துட்டேன்டா. வா தம்பி, வீட்டுக்குப் போவோம்."

மூன்று தரம் கூப்பிட்டான். புலி காலை எடுத்தது. அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து புல்லுக்குள் மறைந்தது.

ஜோக்கனிக்கு மூச்சு இருந்தது. சம்ஜனா சால்வையால் அவள் தோளை இறுக்கிக் கட்டினாள். நவராஜ் அவளை முதுகில் சுமந்தான். குஷிராம் உடைந்த தடியோடு முன்னால் நடந்தான். மகள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று திரும்பிப் பார்க்கத் துடித்தான். பார்க்கவில்லை. அவன் தட்டத் தட்டப் பின்னால் பதில் வந்துகொண்டே இருந்தது. வாய்க்காலைத் தாண்டியதும் நின்றது. கரையில் விழுந்து குழந்தையைப் போல அழுதான்.

நான்காம் நாள் ஜோக்கனி ஆஸ்பத்திரியில் கண் திறந்தாள். முகத்தில் பாதி கட்டுப்போட்டிருந்த குஷிராம் கட்டிலருகே ஓடினான். அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். நல்ல கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள்.

"அண்ணே, சுண்ணாம்பு இருக்கா?"

அவன் குனிந்து அவள் முகத்தையே பார்த்தான்.

"என்னண்ணே முழிக்கிற? போன மாசியில ரெண்டாவது கிளையிலேர்ந்து பாத்தியே, நல்லாத் தெரிஞ்சுதா?"

குஷிராம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "என் பொண்ணு எங்கடா?"

"எங்க விட்டியோ அங்கதான். வருசம் கழிச்சு வந்து கூப்பிட்டா சும்மா வந்துடுவாங்களா? பின்தடிக்கு ஆள் வேணாமா?"

குஷிராம் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நேரே காட்டுக்குப் போனான். நண்பகல். பனியில்லை, பளிச்சென்று வெயில். சால மரத்தடியில் நின்று உடைந்த தடியால் இரண்டு தட்டினான். புல்லுக்குள்ளிருந்து சின்னக் கையின் அவசரமான இரண்டு தட்டு வந்தது.

"நாலு நாளா நிக்கிறேன் பாபா. இங்க ஒரே குளிரு."

அவன் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. புல்லை விலக்கிக்கொண்டு குரல் வந்த இடத்துக்குப் போய் நின்றான்.

"நீ முன்னால நட கண்ணு. திரும்பிப் பாக்காதே. இன்னைக்கு நான் பின்தடி."

ஏதோ ஒன்று அவன் கையை உரசிக்கொண்டு தாண்டியது. எதிரே புல் ஒரு சின்ன ஆளுக்கு வழிவிட்டு விலகிக்கொண்டே போனது. அது ஓடையை எட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் அரிசி வேகும் வாசம் கனத்தது. இந்தத் தடவை அவன் மரத்தைப் பார்க்கவே இல்லை.

அதே நேரம் ஆஸ்பத்திரியில் ஜோக்கனி 'பாபா' என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். தேடிப் போனவர்களுக்கு ஒரு சட்டைக் கையும், பாதத்தோடு ஒரு ரப்பர் செருப்பும் கிடைத்தன.

ஜோக்கனி முறையைச் சரியாகச் செய்தாள். அப்பா போன ஏழாம் நாள், தோளில் கட்டோடு சால மரத்தடிக்கே போனாள். மூன்று தரம் அப்பாவைக் கூப்பிட்டாள். தட்டிக்கொண்டே ஊரைப் பார்த்து நடந்தாள். பின்னால் அப்பாவின் கனத்த தட்டுக் கேட்டது. அழுதுகொண்டே நடந்தாள்.

பாதி வழியில், அந்தத் தட்டுக்குப் பின்னால், கசக்கிய புகையிலை வாசத்தோடு இன்னொரு தட்டும் கேட்க ஆரம்பித்தது.

வாய்க்காலில் ஒன்று நின்றுவிட்டது.

இன்னொன்று தாண்டி வந்தது.

எது நின்றது, எது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெருவைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, வீட்டுக்குள் வந்து அடுப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். வாசற்படியில் இரண்டு தட்டுக் கேட்கிறது. அவள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.